பூங்காவில் நாட்டுப் பூக்கள்: உழவாரத்தை எப்போது எடுப்பது?

கார்த்திகையில் மழை இரண்டு நாள் ஓய்ந்து வெயில் எறிக்கும்போது யாழ்ப்பாணத்து ஒழுங்கைக் கரைகளைப் பாருங்கள். தும்பை வெள்ளையாய் நிற்கும். வேலி அலம்பலில் கார்த்திகைப்பூ ஏறியிருக்கும். வெறுங்காணியில் ஆவரசு மஞ்சளாய்ப் பூத்திருக்கும். ஒருவரும் நடவில்லை, ஒருவரும் தண்ணி விடவில்லை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சனசமூக நிலையத்தோடு இருக்கிற சின்னப் பூங்காவுக்குள் போனால், காசு கொடுத்து வாங்கி வைத்த பூக்கன்றுகள் அடி அழுகிச் சாய்ந்து கிடக்கும்.

வெளியே தானாக வருவது உள்ளே வராததற்குக் காரணம் புல்லுச் செருக்குகிற உழவாரம். தைப்பொங்கலுக்கு முன் ஒரு சிரமதானம், மாசியில் விளையாட்டுப் போட்டிக்கு முன் இன்னொன்று. இந்தச் செடிகள் காய் முற்றுகிற நேரமும் அதுதான். அடியோடு செருக்கிய செடி விதை போடாது. நாலைந்து மாரி இப்படிப் போனால் நிலத்தில் மிஞ்சுவது கோரையும் அறுகும். கோரை கிழங்காலும் அறுகு ஓடுகொடியாலும் பிழைத்துக்கொள்ளும், அவற்றுக்கு விதை தேவையில்லை.

ஆகவே பூங்காவில் நாட்டுப்பூ வேண்டும் என்றால், விதை தேடப் போவதற்கு முன் நிர்வாக சபைக் கூட்டத்தில் துப்புரவுத் திகதியை மாற்றி எழுதுங்கள். பாத்திகளுக்குள் வெட்டு வருடத்தில் ஒரு தடவை, பங்குனி நடுப்பகுதியில். பாதைக் கரையை எப்போது வேண்டுமானாலும் துப்புரவாக்கலாம். இந்த ஒன்றுக்குச் சம்மதம் கிடைக்காவிட்டால் கீழே எழுதியிருப்பதைச் செய்து பயனில்லை.

இடமும் மண்ணும்

யாழ்ப்பாணத்தில் பூங்கா என்றதும் பெரிய நிழல் மரங்கள்தான் மனதில் வரும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே அரச அதிபராக இருந்த டைக் உண்டாக்கிய பழைய பூங்காவைப் போல. அந்த நிழல் உட்காருவதற்கு நல்லது, காட்டுப்பூவுக்கு ஆகாது. தும்பை, விஷ்ணுகிராந்தி, கிலுகிலுப்பை, ஆவரசு எல்லாம் நாளுக்கு 6 மணித்தியாலமாவது நேர் வெயில் கேட்கிற சாதி. மரத்துக்குக் கீழே வைத்தால் நெடுநெடுவென்று வளர்ந்து விழும், பூ எண்ணிக்கைக்குத்தான் இருக்கும். நிழலில் ஏதாவது வேண்டுமென்றால் பாவட்டையை வையுங்கள். வெள்ளைப் பூங்கொத்து, நல்ல வாசம், வண்ணாத்திப்பூச்சி தேடி வரும். புகையிலைத் தோட்டத்துக்குக் குழையாகத் தாட்டதால் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த செடி.

மண்ணுக்கு எரு போட வேண்டாம். காய்கறித் தோட்டம் செய்து பழகியவர்களுக்கு இது கஷ்டமான பாடம். மாட்டெருவும் யூரியாவும் விழுந்த பாத்தியில் முதலில் எழும்புவது புல்லு. சாணுயரத் தும்பையை அது 3 கிழமையில் மூடிவிடும். வலிகாமத்துச் செம்மண் பக்கத்தில் கிணற்றுத் தண்ணியிலேயே நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது, தண்ணி விடுவதே பாதி உரம் போட்ட மாதிரி. முந்தித் தோட்டமாக இருந்த காணியில் பூங்கா அமைத்திருந்தால், ஒரு போகம் எருப் போடாமல் ஏதாவது விதைத்து, வெட்டியதை வெளியே அள்ளிப் போட்டு மண்ணை இளைக்க விடுவது நல்லது.

நமது மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிற மண். போதாததற்குப் பூங்காக் காணிகளில் இடிந்த கட்டடத்துக் கல்லும் சாந்தும் தாண்டிருக்கும். வெட்சி இப்படியான இடத்தில் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள்: புதுக் குருத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய்த் தெரியும். பசளை காணாது என்று யூரியா போடுவார்கள், மாறாது. இரும்புச்சத்து மண்ணில் இருந்தும், சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. கிணற்றுத் தண்ணியும் சவர்க்காரம் நுரைக்காத கடினத் தண்ணி என்றால் ஊற்ற ஊற்ற மோசமாகும். வெட்சியோடு மல்லுக்கட்டாமல் அந்த இடத்துக்கும் பாவட்டையையே வைக்கலாம். அடுப்புச் சாம்பல் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அதுவும் சுண்ணாம்புப் பக்கமே சாயும்.

தண்ணி தேங்குகிற பள்ளத்தை மண் போட்டு நிரப்ப வேண்டாம். வெளியிலிருந்து ஏற்றி வரும் ஒவ்வொரு லோட் மண்ணிலும் பார்த்தீனியம் என்ற பொல்லாத களையின் விதையும் கோரைக் கிழங்கும் வரும். பள்ளத்தில் நீர்முள்ளி நிற்கட்டும். ஊதாப்பூ அழகு, கணுவில் முள் பொல்லாதது, ஆகையால் பாதையிலிருந்து 5 அடியாவது தள்ளி.

எதை வைப்பது

ஊரில் எங்கும் பூக்கிறதெல்லாம் நாட்டுப்பூ அல்ல. பட்டிப்பூ மடகஸ்காரிலிருந்து வந்தது. நாயுண்ணி, தொட்டாச்சுருங்கி, மூக்குத்திப்பூண்டு, போகன்வில்லா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. இதில் நாயுண்ணியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வண்ணாத்திப்பூச்சி வருகிறதே என்று விட்டால், குருவி பழம் தின்று வேலி முழுக்க விதைத்துவிடும். பட்டிப்பூ ஒரு மூலையில் நிற்பதால் குடி முழுகாது.

கார்த்திகைப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இதன் கிழங்கு கலப்பை போல இரண்டு கை விரித்திருக்கும், அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயர். முளை ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒன்றே ஒன்று. அந்த நுனி சோக்குக் கட்டி மாதிரி முறியும், முறிந்தால் அந்தக் கையிலிருந்து அந்த வருடம் ஒன்றும் வராது. வேறு முளை மறைந்திருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாதிக்குள், கிழங்கைப் படுக்கையாக வைத்து 3 அங்குல ஆழத்தில், ஒன்றுக்கொன்று 1 அடி விட்டுத் தாழுங்கள். மேலே கல் அடுக்க வேண்டாம், அடையாளத்துக்கு ஒரு கதியாலை ஊன்றினால் போதும். மழை விழும் வரை தண்ணி விடாதீர்கள். தூங்குகிற கிழங்கு ஈரத்தில் அழுகும்.

பிடிமானத்தில்தான் பெரும்பாலோர் பிழை விடுகிறார்கள். இந்தக் கொடிக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பிடிக்கிறது. அந்தச் சுருள் வளையம் மிகச் சின்னது, பென்சில் மொத்தத்துக்கு மேல் போனால் சுற்றாது. சீமெந்துத் தூணும் இரும்புக் குழாயும் நட்டு விட்டு, கொடி ஏறவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. 5 அடி உயரத்துக்குக் காய்ந்த அலம்பல், அதுவும் சிறு கிளை நிறைய உள்ளதாய், நிலத்தில் குத்துங்கள். கிளுவை வேலி ஓரமாக நட்டால் அந்த வேலையும் மிச்சம்.

பூ விரிந்த நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாக மாறி, கடைசியில் முழுச்சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒன்றாய் நிற்பதைப் பார்த்து மூன்று சாதி என்று நினைப்பவர்கள் உண்டு. பூவைக் கையால் தொடாமல் கிட்டப் போய்ப் பாருங்கள். இதழ் ஆறும் நெளிந்து மேல்நோக்கி மடங்கியிருக்கும், மகரந்தக் கம்பி ஆறும் ஆரக்கால் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாய் முறிந்ததுபோல ஒரு பக்கம் திரும்பி நிற்கும். பூச்சி உடைத்ததோ என்று தோன்றும், அதன் அமைப்பே அப்படி. தன் மகரந்தம் தன்மேல் விழாமல் விலகி நிற்பதற்கான ஏற்பாடு. அதனால் வண்ணாத்திப்பூச்சியும் தேன்சிட்டும் வராத இடத்தில் காய் குறையும். தமிழ்நாட்டில் விதைக்காக இதைப் பயிர் செய்பவர்கள் கையால் மகரந்தம் தொட்டு வைப்பது இதனாலேயே.

இந்தச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் அதிகம். வத்தாளங்கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்றால் உயிர் போகும். அவித்தாலும் நஞ்சு போகாது. வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கச் சில மணித்தியாலம் ஆகலாம், அதுவரை காத்திருக்காமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சல் பக்கம் நடக் கூடாது, வேலிக்கரையில் நட வேண்டும். கிழங்கு எடுக்கும்போது கையுறை போட வேண்டும். 'தொடாதே, நஞ்சு' என்று பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பெடுக்க ஆளில்லை என்றால் இந்தப் பூவை விட்டுவிடுங்கள். மற்றவை போதும்.

கிழங்கை எங்கிருந்து எடுப்பது? வீடு கட்டத் துப்புரவாக்கும் காணியில் சொந்தக்காரரைக் கேட்டு எடுக்கலாம். சுண்டிக்குளம் மாதிரியான காப்பிடங்களுக்குள் போய்க் கிண்டுவது சட்டப்படி குற்றம். விதையிலிருந்தும் வரும், ஆனால் பூப்பார்க்க 3, 4 வருடம் செல்லும்.

ஆவரசு பூங்காவின் முதுகெலும்பு. கோடையில் எல்லாம் காய்ந்த பிறகும் பச்சையாய் நிற்பது இதுவும் எருக்கலையும்தான். விதைத்தோல் மிகக் கடினம், அப்படியே விதைத்தால் பத்துக்கு ஒன்றிரண்டுதான் அந்த மழையில் முளைக்கும், மிச்சம் அடுத்தடுத்த வருடங்களில் நினைத்த நேரம் வரும். தண்ணியைக் கொதிக்க வைத்து இறக்கி, 2, 3 நிமிடம் ஆற விட்டு, விதையின் மேல் ஊற்றி இரவு முழுக்க ஊற வையுங்கள். அடுப்பிலேயே வைத்து அவிக்க வேண்டாம், முளை செத்துவிடும். காலையில் ஊதிப் பெருத்தவற்றை உடனே விதைக்கலாம். ஊதாதவற்றைச் சொரசொரப்பான சீமெந்துத் தரையில் பளபளப்புப் போகும் மட்டும் தேய்த்துத் திரும்ப ஊற வைக்கலாம். அரை அங்குல ஆழம், செடிக்குச் செடி 4 அடி. நிற்கப்போகிற இடத்திலேயே விதைப்பதுதான் சரி. ஆணிவேர் கீழே இறங்குகிற வேகத்துக்குச் சின்னப் பையில் வளர்த்தால் வேர் அடியில் சுருண்டு, நட்ட பிறகும் அந்தச் சுருளிலேயே நிற்கும், சோளகக் காற்றுக்குச் சாயும். முதல் வருடம் பூ எதிர்பார்க்க வேண்டாம்.

பூத்த பிறகு காலையில் ஆவரசம்பூப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்ததும் அதன் இரைச்சல் சட்டென்று மாறும். பறக்கிற சத்தம் நின்று, ஒரு மெல்லிய கீச்சுக் குரலில் அதிரும். இந்தப் பூவில் தேன் இல்லை. மகரந்தப் பை நீளத்துக்கு வெடிப்பதும் இல்லை, நுனியில் ஊசித்துவாரம் மட்டும். உப்புப் போத்தலைக் குலுக்குவது போல வண்டு அதிர வைத்துத்தான் மகரந்தத்தைக் கொட்ட வேண்டும். தேனீ அப்படிச் செய்யத் தெரியாதது. சுற்று வட்டாரத்தில் பட்ட மரம் எல்லாவற்றையும் வெட்டி எரித்தால் கருவண்டு கூடு துளைக்க இடமில்லை, பூ நிறைந்த செடியிலும் காய் பிடிக்காது. ஒரு பழைய முருங்கைக் குற்றியையாவது மூலையில் விட்டு வையுங்கள்.

தும்பையும் விஷ்ணுகிராந்தியும் முன்வரிசைக்கு. தும்பை விதை பொடி. காய்ந்த மொட்டுக் கொத்தைத் தலைகீழாகக் கடதாசிப் பையில் போட்டுத் தட்டினால் விழும். மண்ணால் மூடக் கூடாது. விஷ்ணுகிராந்தி நிலத்தோடு படரும், பொத்தான் அளவு நீலப்பூ, காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். பின்னேரம் பூங்காவுக்கு வருகிறவர்கள் அதைப் பூத்தே காண மாட்டார்கள். அவர்களுக்காகத் துத்தியை வையுங்கள், அது வெயில் சாய்ந்த பிறகு மஞ்சளாய் விரியும். நேரம் பார்த்துச் செடி தெரிவதும் ஒரு கலை, பலர் இதை யோசிப்பதில்லை.

கிலுகிலுப்பை இரண்டு வருடத்தில் மண்ணையும் திருத்தும், பயற்றினம் என்பதால் வேரில் முடிச்சு. பசளைக்கு விதைக்கிற சணலின் நெருங்கிய உறவு. ஊதாப்பூச் சாதி, மஞ்சள்பூச் சாதி இரண்டும் இங்கே உண்டு. நீலக்கோடு போட்ட வண்ணாத்திப்பூச்சிகளின் ஆண்கள் காய்ந்த தண்டிலும் வந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும், அவை தேடுவது தேனையல்ல, அதிலுள்ள நச்சுச் சாரத்தை. விதை ஆடுமாட்டுக்கு நஞ்சு, மறக்க வேண்டாம்.

கடற்கரைப் பக்கத்துப் பூங்கா என்றால் கதை வேறு. வடமராட்சி கிழக்கு மணலில் செம்மண் செடிகளை நட்டு அழ வேண்டாம், அங்கே அடம்பன் இருக்கிறது. 1 அடி நீளக் கொடித்துண்டு, அதில் 2 கணு மணலுக்குள், 2 கணு வெளியே, மழை தொடங்கியதும். அவ்வளவுதான். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது மணல் மேட்டில் அது பிடித்து நிற்பதைப் பார்த்தவர்கள் சொன்ன சொல். செம்மண்ணில் வைத்தால் இலையாய் ஓடும், பூக் குறையும். ஈரமும் உவரும் கலந்த இடத்துக்குப் பொடுதலை, மிதித்தாலும் சாகாது.

வேலிக்கு: பெருங்குறிஞ்சா, காத்தோட்டி, தூதுவளை. காத்தோட்டிப்பூ வெள்ளையாய் விரிந்து ஊதாச் சிவப்பாய் மாறும், முள் கொக்கி போன்றது, வாசல் பக்கம் வேண்டாம்.

விதைப்பு

ஒரு பாத்தி 10 அடி நீளம், 4 அடி அகலம். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. அதற்கு மேல் அகலம் வேண்டாம்.

ஆவணியில் அலவாங்கால் கோரையைத் தோண்டுங்கள். மேலே பிடுங்கினால் கிழங்கு அடியில் நின்று இரண்டாய் வரும். ஒரு கிழங்கைத் தூக்கினால் நூல் போன்ற வேரில் அடுத்தது தொங்கும், அந்தச் சங்கிலியை அறாமல் இழுத்தெடுக்க வேண்டும். பொலித்தீன் விரித்து வெயிலில் அவிக்கிற முறை மற்றப் புல்லு விதைகளுக்குச் சரி, கோரைக்குச் சரிவராது. அது பொலித்தீனையே குத்திக்கொண்டு வெளியே வரும்.

பிறகு நெல்லுக்குச் செய்வதற்கு நேர்மாறாக ஒரு வேலை. வயலில் புழுதி விதைப்பு, மழைக்கு முன். பூப்பாத்தியில் முதல் மழையை விதைக்காமல் விடுங்கள். புரட்டாதிக் கடைசியில் ஒரு மழை விழுந்ததும் மண்ணுக்குள் கிடந்த களை விதையெல்லாம் 10 நாளில் பச்சைப் பாய் விரித்ததுபோல முளைக்கும். அதை உழவாரத்தால் மேலோட்டமாக, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் செருக்குங்கள். ஆழமாய்க் கொத்தினால் கீழே உறங்கும் அடுத்த அடுக்கு விதை மேலே வரும், பட்டபாடு வீண். மழை பிந்தினால் ஒரு தரம் ஹோஸால் நனைத்து இதையே செய்யலாம். இதற்கு 2 கிழமை செலவாகும், ஆனால் மார்கழியில் களை பிடுங்கும் வேலை பாதிக்கு மேல் குறையும்.

ஐப்பசி முதல் கிழமையில் விதைப்பு. 40 சதுர அடிக்குத் தும்பை 1 தேக்கரண்டி, விஷ்ணுகிராந்தி அரைத் தேக்கரண்டி, இரண்டையும் 2 சுண்டு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாட்டிலும் பாதியை அகலவாட்டிலும் தூவுங்கள். மணல் வெள்ளையாய்த் தெரிவதால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று கண்ணுக்குப் பிடிபடும். தூவியபின் பலகையால் அமர்த்துங்கள். கிலுகிலுப்பையைப் பின்பக்கமாக 6 குழியில், குழிக்கு 3 விதை. வெந்நீரில் ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில். முளைத்த பிறகு குழிக்கு ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

அடுத்தது எறும்பு. மழை 3, 4 நாள் பிந்தினால் தூவிய விதையில் பாதி எறும்புப் புற்றுக்குப் போய்விடும். எனவே வானம் கறுத்த அன்று பின்னேரம் தூவுவதே உத்தமம். அடைமழை அடித்தால் விதையெல்லாம் பாத்தியின் தாழ்ந்த மூலைக்கு ஓடி அங்கே ஒரே கும்பலாய் முளைக்கும். மேலே மெல்லியதாகப் பனையோலையோ பழைய கிடுகோ பிரித்துப் போட்டு, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு கிழமை பிந்தி எடுத்தால் நாற்று வெளிறி நெடுத்திருக்கும்.

முளைத்த பிறகு வருகிற சிக்கல், எது பூச்செடி, எது களை என்று தெரியாதது. விதைத்த ஒவ்வொன்றிலும் பத்து விதையைத் தனித் தனிப் பேணியில் போட்டு வையுங்கள். பாத்தியில் சந்தேகம் வந்தால் பேணியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிடுங்கலாம். கரட் இலை மாதிரி வெட்டுவெட்டாய், நிலத்தோடு வட்டமாய்ப் படிந்திருந்தால் அது பார்த்தீனியம். பூக்க முதல், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, மண் ஈரமாயிருக்கும்போது வேரோடு எடுத்து உரப்பையில் கட்டுங்கள். பூத்த பிறகு பிடுங்கினால் கையில் சொறியும் மிச்சம், ஆயிரக்கணக்கில் விதையும் மிச்சம்.

வருகிற ஆட்களும் மற்றதுகளும்

விடியற்காலையில் பையோடு வந்து சாமிக்குப் பூப் பறிப்பவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். தும்பையும் எருக்கலையும் சிவனுக்கும் பிள்ளையாருக்கும் உகந்தவை என்றிருக்கும்போது பலகை எழுதி வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வாசல் பக்கத்தில் அவர்களுக்கென்றே 4 செவ்வரத்தை, 2 எருக்கலை, ஒரு தும்பைப் பாத்தி விட்டுவிடுங்கள். உள்ளே போகிறவர்கள் குறைவார்கள். தும்பை மொட்டுக்கொத்தை முழுதாய் ஒடித்தால்தான் விதை போகும், பூவை மட்டும் நுள்ளினால் கீழே காய் இருக்கும் என்று சொல்லி வையுங்கள், கேட்பார்கள்.

எருக்கலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரி போட்ட புழு வரும். கண்டதும் மயிர்க்கொட்டி என்று பந்தம் கொளுத்தப் போகிறார்கள். முருங்கையில் வருகிற மயிர்க்கொட்டிக்கு உடம்பெல்லாம் மயிர். இதற்கு மயிரே இல்லை, கறுத்தக் கொம்பு மாதிரி மூன்று சோடி மட்டும். தொட்டாலும் சொறியாது. செம்மஞ்சள் வண்ணாத்திப்பூச்சியின் குஞ்சு அது. ஆவரசில் பச்சைப்புழு, கிலுகிலுப்பைக் காயைத் துளைக்கிற புழு, எல்லாம் இதே கணக்குத்தான். இலை தின்னப்பட்டிருந்தால் தோட்டம் வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்தடித்தால் பூ இருக்கும், வண்ணாத்திப்பூச்சி இராது. எருக்கலையை ஒடிக்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் நிறையத் தண்ணி விட்டுக் கழுவி உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

மாரி டெங்குக் காலமும். பற்றையை வெட்டச் சொல்லி ஆட்கள் வருவார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணியில்: சிரட்டை, யோகட் கப், டயர், பூச்சாடித் தட்டு. தும்பைப் பாத்தியில் அல்ல. ஆனால் வளர்ந்த நுளம்பு அடர்ந்த நிழலில் ஒதுங்குவது உண்மை, பாம்புப் பயமும் உண்மை, ஆகவே வீம்பு பிடிக்காமல் நடைபாதையின் இரண்டு பக்கமும் 3 அடிக்குப் புல்லைக் கட்டையாய் வெட்டி வையுங்கள். பாத்தியைச் சுற்றி வெள்ளையடித்த கல் அடுக்குங்கள். கல் வரிசை இருந்தால் உள்ளே நிற்பது வேண்டுமென்று வளர்த்தது என்று சிரமதானத்துக்கு வருகிற பெடியளுக்கும் விளங்கும். கல் இல்லாவிட்டால் எந்தப் பலகையும் உழவாரத்தைத் தடுக்காது.

கட்டாக்காலி மாட்டுக்கு வேலியைத் தவிர வேறு மருந்து இல்லை. படலையைச் சாத்த ஒரு பாரக்கல்லைக் கட்டித் தொங்க விடுங்கள், திறந்தவர் மறந்தாலும் தானே சாத்தும்.

கோடை

சித்திரையிலிருந்து ஆவணி வரை பாத்தி செத்த மாதிரி இருக்கும். இதை முன்னமே சொல்லி வைக்காவிட்டால் வைகாசியில் யாராவது கொத்திப் புரட்டிவிடுவார்கள். தண்ணி விட்டுப் பச்சையாக்கவும் வேண்டாம். கோடை ஈரத்தில் அறுகு ஓடும், கார்த்திகைப்பூக் கிழங்கு அழுகும். புதிதாக நட்ட ஆவரசு, பாவட்டைக்கு மட்டும் முதல் கோடையில் கிழமைக்கு 2 தரம், செடிக்கு ஒரு வாளி, அடியில் ஊற்ற வேண்டும், இலையில் அல்ல. உவர்த்தண்ணி இலையில் காய்ந்தால் விளிம்பு கருகும். மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அடிக்கடி கொஞ்சம் விடுவதை நிறுத்தி, இடைவெளி விட்டு நிறைய விடுங்கள், உப்புக் கீழே இறங்கட்டும். இரண்டாம் வருடம் அதுவும் தேவையில்லை.

இனிப் பங்குனி வெட்டு. வெயில் ஏறிய பிறகு, கத்தியால், நிலத்திலிருந்து அரை அடி விட்டு வெட்டுங்கள். உழவாரம் வேண்டாம், கார்த்திகைப்பூக் கிழங்கு நுனிக்கு அது எமன். ஆவரசை ஒன்றுவிட்ட வருடம் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் அடர்ந்து வரும், வெட்டாவிட்டால் நுனியில் மட்டும் பூத்து அடி வெறுமையாகும். வெட்டியதைக் கும்பியாகக் குவிக்கவோ கொளுத்தவோ வேண்டாம். பாத்தியின் மேலேயே ஒரு கிழமை படுக்கப் போட்டு, இரண்டு தரம் புரட்டி உதறுங்கள். நாளைக்கு வேண்டிய விதையைக் கடதாசிப் பையில் எடுத்து, பெயரும் மாதமும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மிச்சத்தை உரப்பையில் கட்டித் தூக்கும்போது உள்ளே கிலுகிலுவென்று கேட்டால் பையை இறக்கி வையுங்கள், காய்க்குள் இன்னும் விதை இருக்கிறது.